வெங்கடம்மாள் வாசித்த நாவல்

கிருஷ்ணகிரி புளி மண்டியில் என்னோடு வேலை பார்த்த வெங்கடம்மாளைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். அவள் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் அவளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கூட்டம் "நாவல் படிச்சுக் கெட்டுப்போனவ" என்கிறது. இன்னொரு கூட்டம் "பாவம், ரொம்ப நல்லவ" என்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் அவளைச் சரியாகத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்ததை வாய்க்குள் வைத்து மென்றுகொண்டிருக்க என்னால் ஆகாது.

என் பெயர் செல்லி. பிறந்தது நாகரசம்பட்டி, வாழ்க்கைப்பட்டது கிருஷ்ணகிரி. எனக்கு எழுத்து வந்ததே முப்பது வயசுக்கு மேல்தான். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதிப் பழகினேன். அதனால் எங்கேயாவது தடுக்கினால் நீங்களே சரியாக்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

கதையை மூடி மூடிச் சொல்லிக் கடைசியில் திறந்து காட்டுவது எனக்குப் பிடிக்காது. எங்களுக்கு அப்போது தெரியாமல் இருந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். வெங்கடம்மாள் விதவை என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். அவள் விதவை இல்லை. அவள் புருஷன் திம்மராயன் சானமாவுக் காட்டை ஒட்டிய ஒரு ஊரில் கேழ்வரகு விதைத்துக்கொண்டு குத்துக்கல்லாக இருந்தார். அவரையும் ஐந்து வயசுப் பெண் குழந்தையையும் விட்டுவிட்டு, முனிவேல் என்கிற பஸ் கண்டக்டரோடு அவள் கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டாள். இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினான் முனிவேல். அப்புறம் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன் என்று போனான். அவ்வளவுதான். அவன் செத்துப்போனதாகச் சொல்லிக்கொண்டு, பொட்டை அழித்துக்கொண்டு, அவள் புளி மண்டிக்கு வேலைக்கு வந்தாள்.

மண்டி நாராயணப்பனுடையது. மாசியில் புளி வர ஆரம்பித்தால் வைகாசி கடைசி வரைக்கும் வேலை இருக்கும். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கூடையில் போட வேண்டும். சாயங்காலத்துக்குள் நகக்கண் எல்லாம் புளி ஏறி எரியும். பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்போம். ஆறு பேர் தமிழ் வீட்டுக்காரிகள். மற்ற ஆறு பேர் பேரிகை, சூளகிரிப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுக்காரிகள். வெங்கடம்மாளும் தெலுங்கு வீட்டுப் பெண்தான். ஆனால் அவள் அப்பா ஓசூர்ப் பக்கம் மாட்டுப் பண்ணையில் காவல் வேலை பார்த்தவர். மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படிக்க வைத்தார். பன்னிரண்டு பேரில் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அதனால் அவள் புளியைத் தொட மாட்டாள். நடுவில் உட்கார்ந்து நாவல் படிப்பாள். நாங்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொட்டை எடுத்த புளியை அவள் கூடையில் போட்டுக்கொண்டே வருவோம். சாயங்காலம் அவள் கூடையும் நிறைந்திருக்கும். இந்த ஏற்பாட்டை யார் தொடங்கியது என்று நினைவில்லை. நாராயணப்பன் முதலில் கத்தினார். பிறகு மூட்டை பார்க்கிற சாக்கில் அடுக்குக்குப் பின்னால் நின்று அவரும் கேட்க ஆரம்பித்துவிட்டார். நாங்களும் அவரைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

புத்தகம் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வாடகைக் கடையிலிருந்து வரும். மாத நாவல்கள், பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துத் தைத்த பைண்டுகள். அட்டையில் மர்மம், ரகசியம், மோகம் இந்த மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் வெங்கடம்மாள் எடுப்பாள். ஜமீன்தார் மனைவியும் மோட்டாரில் வரும் வக்கீலும், பாலில் கலந்த விஷம், தலையணைக்கு அடியில் கடிதம், பின்கட்டுக் கிணற்றில் கிடைத்த வளையல், இப்படிப் போகும். ஆணும் பெண்ணும் தனியாக இருக்கிற இடம் வந்தால் அவள் நிறுத்தி ஒரு இருமல் இருமுவாள். "இங்க ஒரு பத்து வரி விட்டுட்டுப் படிக்கிறேன்" என்பாள். பதினொரு வாயும் "விடாதே, விடாதே" என்று கத்தும். அவள் தலையை ஆட்டி மறுத்துவிடுவாள். அந்தப் பத்து வரியை நினைத்து நாங்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசிச் சிரிப்போம். எழுத்து வந்த பிறகு அந்தப் புத்தகங்களில் சிலதைத் தேடிப் பிடித்துப் படித்தேன். அந்த இடத்தில் ஒரு மண்ணும் இல்லை. விளக்கை அணைத்தான் என்று மட்டும் போட்டிருந்தது. கைகாரி, பத்து வருஷம் எங்களை ஏமாற்றியிருக்கிறாள்.

படிக்கிற முறை இதுதான். முதலில் ஒரு பத்தி தமிழில் படிப்பாள். பிறகு அதையே தெலுங்கில் திருப்பிச் சொல்லுவாள். அதனால் அழுகிற இடம் வந்தால் தமிழ்க்காரிகள் நாங்கள் ஆறு பேர் முதலில் மூக்கைச் சிந்துவோம். தெலுங்குக்காரிகள் "ஏமந்தி, ஏமந்தி", என்ன சொன்னாள் என்று கேட்டு அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் அழுவார்கள். முன்னால் அழுகிறதில் எங்களுக்கு ஒரு பெருமை. பேரிகை சென்னம்மாவுக்கு இதில் சதா எரிச்சல். அவள் எங்கள் எல்லோருக்கும் மூத்தவள், வாய்க்காரி. பேச்சுத் தமிழ் வரும், புத்தகத் தமிழ்தான் பிடிபடாது. "ஏமே செல்லி, நீ அழுவறதப் பாத்தே எனக்குக் கதை தெரிஞ்சிப்போவுது, அப்புறம் என்னா சுகம்" என்பாள்.

நாவல் முடிந்தால் கோர்ட்டு. அதுவும் எங்கள் மண்டி வழக்கம்தான். புளியங்கொட்டையைக் கல்லில் தேய்த்தால் மேல்தோல் போய் வெள்ளையாகும். தாயம் ஆடுவதற்காக அப்படித் தேய்த்த கொட்டைகள் ஆளுக்கு நாலைந்து முந்தானையில் முடிந்திருக்கும். கதாநாயகியை மன்னிக்கலாம் என்றால் தேங்காய்த் தொட்டியில் வெள்ளைக் கொட்டை போட வேண்டும். மன்னிக்கக் கூடாது என்றால் தேய்க்காத கறுப்பு. விஷம் வைத்தவளுக்குக்கூட ஒரு தடவை நாலு வெள்ளை விழுந்தது. ஆனால் புருஷனையும் பிள்ளையையும் விட்டுப் போனவளுக்கு ஒரு வெள்ளைகூட விழுந்ததே கிடையாது. தொட்டியைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டு வெங்கடம்மாள் சிரிப்பாள். "உங்க கோர்ட்டுல அவ தப்பிக்கவே முடியாது" என்பாள். 

ஐம்பத்தாறாம் வருஷம் சித்திரையில் நடந்ததைச் சொல்கிறேன். சானமாவுப் பக்கத்திலிருந்து புளி ஏற்றிக்கொண்டு திம்மப்பன் என்கிற வண்டிக்காரர் வந்தார். அவர் வெங்கடம்மாள் ஊர்க்காரர். அவளை எப்போதோ அடையாளம் கண்டுகொண்டவர், வெளியில் மூச்சு விட்டதில்லை. மூட்டையை இறக்கிவிட்டுப் போகும்போது அவளிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னார். திம்மராயன் மகளுக்கு வைகாசி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். ஊரிலேயே பந்தல்.

மகளுக்குப் பதினேழு வயசு ஆகியிருந்தது. அவளை விட்டு வந்து பன்னிரண்டு வருஷம். போகவா, வேண்டாமா? போனால் பந்தலில் வைத்துக் கேவலப்படுத்துவார்கள், அது போகட்டும், மகளுக்கும் கேவலம். போகாமல் இருந்தால் இனி அந்த முகத்தைப் பார்க்க எந்தக் காரணமும் கிடைக்காது. யாரிடம் கேட்பாள்? கேட்டால் விதவை வேஷம் கலைந்துவிடும். எங்களைத் தவிர அவளுக்கு மனுஷர்கள் கிடையாது. எங்களிடம் கேட்கவும் முடியாது. இதெல்லாம் பின்னால் அவளே என்னிடம் சொன்னது.

அந்த வாரம் புத்தகக் கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு சேலம் போயிருந்தார். வெங்கடம்மாள் பழுப்புத் தாளில் அட்டை போட்ட ஒரு புத்தகத்தோடு வந்தாள். "இது புது நாவல். ஒருத்தர்கிட்ட கேட்டு வாங்கியாந்தேன்" என்றாள். அது என்ன புத்தகம் என்று எனக்கு எழுத்து வந்த பிறகுதான் தெரிந்தது. மாட்டுக்கு வரும் கோமாரி நோயைப் பற்றி சர்க்கார் போட்ட புத்தகம், அவள் அப்பாவுடையது. அதைத்தான் பிரித்து வைத்துக்கொண்டு ஏடு ஏடாகத் திருப்பினாள்.

கதாநாயகி பெயர் சுலோசனா. மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டம். புருஷன் நல்ல மனுஷன், ஆனால் ராத்திரி ஆனால் துப்பாக்கியோடு பரணில் ஏறிப் புலிக்குக் காத்திருக்கப் போய்விடுவான். மாசக்கணக்கில் அப்படி. சுலோசனா தனியாக இருப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியும், அந்த மலையில் படிக்க ஒரு காகிதம் இல்லை. அப்போது மோட்டார்காரன் ஒருவன் வருகிறான். அவன் பட்டுச்சேலை கொண்டு வரவில்லை, நகை கொண்டு வரவில்லை. புத்தகம் கொண்டு வருகிறான். ஒன்று படித்து முடித்தால் அடுத்தது.

நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கேட்டோம். மூன்றாம் நாள் சுலோசனா போய்விட்டாள். போகும்போது குழந்தை தூக்கத்தில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது, விரல் விரலாகப் பிரித்துவிட்டுப் போனாள் என்ற இடத்தில் மண்டியே அழுதது. பிறகு வருஷம் ஓடி, மகளுக்குக் கல்யாணம் என்று சுலோசனாவுக்குச் சேதி வருகிறது. அந்த இடத்தில் வெங்கடம்மாள் புத்தகத்தை மூடினாள்.

"முடிவு நாளைக்கு. அதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. அவ கல்யாணத்துக்குப் போலாமா, கூடாதா? போலாம்னா வெள்ளை, கூடாதுன்னா கறுப்பு."

முடிவுக்கு முன்னால் கோர்ட்டு வைத்தது அதுதான் முதல் தடவை. யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஏனென்றால் இந்த வழக்கில் என் வார்த்தைக்கு எடை அதிகம். எனக்கு ஏழு வயசாக இருக்கும்போது என் அம்மா என்னை விட்டுவிட்டு ஒருத்தனோடு போனவள். அத்தை வீட்டில் வளர்ந்தவள் நான். இது மண்டியில் எல்லோருக்கும் தெரியும். மறைத்து வைக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

"இதுல யோசிக்க என்னா இருக்குது?" என்று நான் ஆரம்பித்தேன். "புள்ள கையப் பிரிச்சி உட்டுட்டுப் போவத் தெரிஞ்சிச்சி இல்ல? இப்ப கல்யாணச் சோறு திங்க மட்டும் வருவாளா? மணவறையில உக்காந்திருக்கற பொண்ணு மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சிக்கும்? மாப்பிள்ள வீட்டுக்காரன் கேப்பானே, இவ யாருன்னு. செத்துட்டான்னு சொல்லி வளத்திருப்பாங்க. செத்தவ செத்தவளாவே இருக்கட்டும்."

சொல்லிவிட்டுக் கறுப்புக் கொட்டையைத் தொட்டியில் எறிந்தேன். டக்கென்று சத்தம் வந்தது. மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். வெங்கடம்மாள் தொட்டியைக் கவிழ்த்தாள். பதினொன்றும் கறுப்பு. அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. "சரி, நீங்க சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தள்ளி வைத்தாள். பொறுக்கியதையே திரும்பப் பொறுக்கினாள். வெயிலில் பசி மயக்கம் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய கழுதை பாருங்கள்.

வீட்டில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பெருமாள் வண்டியை அவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நான் கேட்ட கதை எல்லாம் வேண்டும், தினமும் கேட்பார். சொல்லிக்கொண்டே வந்தேன். குழந்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் சென்னம்மா அழுததைப் பார்த்து எங்களுக்கும் அழுகை வந்துவிட்டது என்று சொன்னேன். சொன்ன வாய் அப்படியே நின்றது.

சென்னம்மா அழுததைப் பார்த்து நாங்கள் எப்படி அழுதோம்? எப்போதும் நாங்கள்தானே முன்னால் அழுவோம். யோசித்துப் பார்த்தேன். மூன்று நாளாகவே தெலுங்குக்காரிகள்தான் முன்னால் சிரித்தார்கள், முன்னால் அழுதார்கள். நாங்கள் ஆறு பேரும் "என்னாவாம், என்னாவாம்" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். புத்தகத்தைப் படித்தால் தமிழ்தானே முதலில் வர வேண்டும்? இந்தக் கதையில் அவள் வாயில் தெலுங்கு முதலில் வந்தது. அதைத் தமிழாக்கி எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எனக்கும் கொஞ்சம் தெலுங்கு காதில் விழும். புருஷன் பரணில் ஏறிப் புலிக்குக் காத்திருந்தான் என்று எங்களிடம் சொன்னவள், அவர்களிடம் ஏனுகு என்றாள். ஏனுகு என்றால் யானை. புலிக்குத் தெலுங்கிலும் புலிதான். யானைக்காகப் பரணில் காவல் கிடக்கிறவன் காப்பித் தோட்டத்து எஜமான் இல்லை. அவன் சானமாவுப் பக்கத்துக் கேழ்வரகுக்காரன்.

களி அடி பிடித்துவிட்டது. பெருமாள் வந்து துடுப்பை வாங்கிக்கொண்டு, "என்னாத்துக்குடி இப்பிடி நிக்கறே" என்றார்.  டக்கென்று விழுந்த அந்தக் கொட்டைச் சத்தம்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

காலையில் தெருக் கிணற்றடியில் சென்னம்மாவைப் பிடித்தேன். நான் வாயைத் திறக்குமுன்னே அவள், "தெரிஞ்சிப்போச்சா?" என்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்க்கா?"

"மொத நாளே. கதைன்னா அவ ஏடு பாத்துப் பேசுவா. இது கண்ண மூடிட்டுப் பேசறா."

"அப்புறம் எதுக்குக் கறுப்புப் போட்டே?" என்று சண்டைக்குப் போனேன்.

சென்னம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வெள்ளைதான் கையில வெச்சிருந்தேன். நீ பேசின பேச்சுக்கு அப்புறம் போட தைரியம் வரல. தாய் உட்டுட்டுப் போன பொண்ணு நீ. நீயே வேணாம்னா, நாங்க யாரு வேணும்னு சொல்ல?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. வெங்கடக்காவிடம் நேராகப் போய்க் கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன். சென்னம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். "தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே. காட்டிக்கிட்டா அவ இந்த ஊர உட்டே போயிருவா. புஸ்தகத்துல ஆரம்பிச்சத புஸ்தகத்துலயே பேசணும்" என்றாள். அந்தக் கிழத்துக்குப் புத்தி உண்டு.

அன்றைக்கு வெங்கடம்மாள் வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள். பழுப்பு அட்டைப் புத்தகத்தைப் பிரித்து, "அவ போகல. அதோட முடிஞ்சிது" என்று ஒரே வரியில் படித்து மூடிவிட்டாள்.

"அது எப்பிடி முடியும்?" என்றாள் சென்னம்மா. "இவ்ளோ பெரிய புஸ்தகம், ஒரு வரியில முடிப்பானா? எனக்கு நேத்து சரியாவே கேக்கல. அவ ஏன் போனான்னு திருப்பிப் படி. புருஷன் அடிச்சானா?"

வெங்கடம்மாள் புத்தகத்தைத் திறக்கவில்லை. "இல்ல. அடிச்சதா எழுதலை."

"குடிகாரனா இருப்பான்."

"இல்ல. குடிக்க மாட்டாரு."

"மாமியார் சோறு போடலையா?"

"மாமியாரே கிடையாது."

"வேற பொம்பள சகவாசம்?"

"இல்லவே இல்ல. நல்ல மனுஷன்னு எழுதியிருக்குது. நல்ல மனுஷன்தான்."

சென்னம்மா ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினாள். வெங்கடம்மாள் ஒன்றிலும் நுழையவில்லை. ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும், பதினொரு வெள்ளை விழுந்திருக்கும். கண்டக்டர் ஒருவன் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தான் என்பதற்காகப் போனவள், அதை மட்டும் மாற்றிச் சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக எத்தனையோ புளுகியவள்தான். அந்த ஒரு இடத்தில் அவளுக்குப் புளுக வரவில்லை. 

"அக்கா, அந்தப் பொண்ணப் பத்தி எழுதியிருக்குதா?" என்று கேட்டேன்.

"எந்தப் பொண்ணு?"

"கல்யாணப் பொண்ணு. அது மனசுல என்னா இருக்குதுன்னு போட்டிருக்கானா?"

"அது ஒண்ணும் எழுதலை" என்றாள். 

"அப்ப நான் சொல்றேன். நேத்து நான் சொன்னது பாதிதான். மீதி நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. என் கல்யாணம் நாகரசம்பட்டியில எங்க அத்தை வீட்டுல. மணவறையில உக்காந்து தலையக் குனிஞ்சிருந்தேன். வெக்கப்படுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. வெக்கமும் இல்ல, ஒரு கருமமும் இல்ல. ஓரக்கண்ணால வாசலப் பாத்துட்டிருந்தேன். எங்கம்மா வருவான்னு. வந்தா மூஞ்சியில காறித் துப்பணும்னு வாயில எச்சி கூட்டி வெச்சிருந்தேன். தாலி கட்டி முடிஞ்சிது. பந்தி முடிஞ்சிது. பந்தல் பிரிக்கற வரைக்கும் பாத்தேன். வரல. துப்பறதுக்காவது அவ வந்திருக்கணும்க்கா."

 நான் முந்தானையில் முடிந்திருந்த கொட்டைகளை அவிழ்த்துக் கீழே கொட்டினேன். "நான் வெள்ளை போட மாட்டேன். அவ செஞ்சது தப்புதான். எப்பவும் தப்புதான். ஆனா அவ போவணும். மன்னிக்கறாங்களா இல்லையாங்கறது வேற. போவணும்."

சென்னம்மா தெலுங்குக்காரிகளுக்கு நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். மூட்டை அடுக்குக்குப் பின்னால் நாராயணப்பன் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் வெளியே வந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "வாரக் கடைசியில யாருக்காவது ரெண்டு மூணு நாள் லீவு வேணும்னா எடுத்துக்குங்க. எதுக்குன்னு நான் கேக்கல. நான் இங்க நிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து சென்னம்மா, "அந்த சுலோசனாகிட்ட கட்டிக்கினு போவ நல்ல சேலை இருந்திச்சா?" என்று கேட்டாள். "தெரியல" என்றாள் வெங்கடம்மாள். மறுநாள் காலையில் சென்னம்மாவின் மாம்பழ நிறச் சேலை வெங்கடம்மாளின் கூடைக்குள் மடித்துக் கிடந்தது. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு மறுநாள் வெங்கடம்மாள் வேலைக்கு வரவில்லை.

ஐந்து நாள் நாங்கள் கதை இல்லாமல் புளி உரித்தோம். அவள் கூடையை நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு கைப்பிடி வழக்கம்போலப் போட்டுவந்தோம். நான் எல்லோரிடமும் சிடுசிடுத்துக்கொண்டே இருந்தேன். அனுப்பிவைத்தவள் நான். அங்கே அவளைப் பந்தலிலிருந்து இழுத்துத் தள்ளியிருந்தால் அது என் தலையில்தானே விடியும்? அந்தப் பெண் துப்பியிருந்தால்?

ஆறாம் நாள் வந்தாள். மாம்பழ நிறச் சேலையைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து சென்னம்மா பக்கத்தில் வைத்தாள். தன் இடத்தில் உட்கார்ந்தாள். பழுப்பு அட்டைப் புத்தகத்தைப் பிரித்தாள். எங்கள் பதினொரு பேர் கையும் நின்றுவிட்டது.

தெலுங்கில்தான் ஆரம்பித்தாள். சுலோசனா பந்தலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றாளாம். தெரிந்தவர்கள் பார்த்துவிட்டுக் குசுகுசுவென்று பேசினார்களாம். ஒரு கிழவன் எழுந்து வந்து விரட்டப் பார்த்தானாம். தாலி கட்டி முடிந்து, கடைசிப் பந்தியில் ஓரமாகப் போய் உட்கார்ந்தாளாம். புருஷன் குழம்பு வாளியோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தவர் அவள் இலைக்கு முன்னால் நின்றாராம். நின்றுகொண்டே இருந்தாராம். அப்புறம் குழம்பை ஊற்றிவிட்டு, "தினேசி போ" என்றாராம்.

தெலுங்குக்காரிகள் அழுதார்கள். சென்னம்மா சேலையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். வெங்கடம்மாள் எங்கள் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் தமிழில் சொல்லி, "சாப்டுட்டுப் போன்னாரு" என்று முடித்தாள்.

எனக்கு அது போதவில்லை. அந்தப் பெண் என்ன செய்தாள் என்று அவள் சொல்லவே இல்லை. கேட்கவும் பயமாக இருந்தது. புளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெங்கடம்மாள் புத்தகத்தை மூடித் தனக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"செல்லி, அவ துப்பல. தாலி கட்டறப்ப எல்லாரும் மாப்பிள்ளையப் பாத்தாங்க. அவ வாசலப் பாத்துட்டிருந்தா. என்னப் பாத்தா. நான்தான்னு தெரிஞ்சிப்போச்சி. அதுக்கப்புறம்தான் தலையக் குனிஞ்சா."

சுலோசனா என்று சொல்ல மறந்துவிட்டாள். தெலுங்கில் திருப்பிச் சொல்லவும் மறந்துவிட்டாள். பக்கத்திலிருந்த சூளகிரிக்காரி என் தொடையைத் தட்டித் தட்டி "ஏமந்தி, செல்லி, ஏமந்தி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.  இந்தத் தடவை முதலில் அழுதது நான்தான்.